குதிரையின் வாயை யார் பார்ப்பது?

2024 ஜூலை 23 அன்று, பாரிஸ் ஒலிம்பிக் தொடங்க மூன்று நாட்களே இருந்த நிலையில், பிரிட்டனின் குதிரையேற்ற வீராங்கனை சார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். 2012இல் லண்டனில் இரண்டு தங்கம், 2016இல் ரியோவில் ஒரு தங்கம் உட்பட மொத்தம் ஆறு ஒலிம்பிக் பதக்கங்களை வென்றவர் அவர். இன்னொரு பதக்கம் கிடைத்திருந்தால் பிரிட்டனின் பெண்களில் மிக அதிகமான ஒலிம்பிக் பதக்கங்களைப் பெற்றவராகியிருப்பார். விலகலுக்குக் காரணம் சில ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட ஒரு காணொளி. அதில் அவர் தரையில் நிற்கிறார். மாணவர் ஒருவர் குதிரை மேல் அமர்ந்திருக்கிறார். டுஜார்டின் நீண்ட சவுக்கால் குதிரையின் கால்களைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார். ஒரே நிமிடத்தில் 24 முறைக்கு மேல் அடி விழுந்தது என்று புகார் கொடுத்தவரின் வழக்கறிஞர் சொன்னார். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. பின்னர் அவருக்கு ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது.

விலகல் அறிவிப்பு வந்த வாரம் முழுவதும் குதிரையேற்ற உலகின் பெரியவர்கள் ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான் சொன்னார்கள்: இது எங்கள் விளையாட்டின் முகம் அல்ல, ஒரு தனிமனிதரின் தவறு. டுஜார்டினும் தம் செயலுக்கு வெட்கப்படுவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்த வருத்தத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தனிமனிதத் தவறு என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அடி எதற்காக விழுந்தது என்ற கேள்வியை அந்த விளக்கம் கேட்பதே இல்லை. குதிரை கால்களை இன்னும் உயரத் தூக்க வேண்டும் என்பதற்காகத்தான் விழுந்தது. கால் உயர எழுந்தால் மதிப்பெண் கூடும். அந்தச் சவுக்கின் மறுமுனையில் ஒரு மதிப்பெண் தாள் இருக்கிறது. குதிரைகளின் நலனைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் முதலில் அந்தத் தாளைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

நான் வசிப்பது வடஜெர்மனியில், நீடர்சாக்சன் மாநிலத்தில். மாநிலச் சின்னத்திலேயே வெள்ளைக் குதிரை பாயும் ஊர்கள் இவை. ஹனோவர் இனக் குதிரைகள் பிறந்து வளரும் மேய்ச்சல் நிலங்கள் சாலையின் இருபுறமும் கிடக்கின்றன. வார இறுதிகளில் ஒரு சிறிய சவாரிச் சங்கத்தின் லாயத்தில் உதவிக்குப் போவது என் வழக்கம். சாணம் அள்ளுவது, குளம்பைச் சுத்தம் செய்வது, பிள்ளைகளின் குதிரைகளுக்குச் சேணம் கட்டுவது போன்ற வேலைகள். போட்டிகளில் பங்கேற்பவன் அல்ல நான். ஆனால் லாயத்தில் நிற்பவனுக்குக் குதிரையின் முகம் மிக அருகில் தெரியும். பார்வையாளர் மாடத்திலிருந்து அது தெரிவதில்லை.

டிரஸ்ஸாஜ் என்பது செவ்வக மைதானத்தில் குதிரையும் மனிதரும் சேர்ந்து குறிப்பிட்ட அசைவுகளைச் செய்து காட்டும் போட்டி. அதன் உச்சநிலையான கிராண்ட் பிரியில் பியாஃப் என்றோர் அசைவு உண்டு. குதிரை ஏறத்தாழ நின்ற இடத்திலேயே தாளம் தவறாமல் துள்ளுநடை போட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். ஒலிம்பிக்கில் ஏழு நடுவர்கள் மைதானத்தைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். விதிப்புத்தகத்தைப் படித்தால் குதிரைக்கு அதைவிடக் கனிவான புத்தகம் இருக்க முடியாது என்று தோன்றும். குதிரை மகிழ்ச்சியோடு இருக்க வேண்டும், பதற்றமின்றித் தளர்ந்திருக்க வேண்டும், பிடரியின் மேல்முனையே உடலின் உயர்ந்த புள்ளியாக இருக்க வேண்டும், மூக்கின் கோடு தரைக்குச் செங்குத்தாக அல்லது அதற்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஜெர்மானியப் பயிற்சி முறையின் ஆறு படிகளில் சீரான நடைக்கு அடுத்து வருவது தளர்வுதான். அது இல்லாத குதிரையை மேற்படிக்கு ஏற்றக் கூடாது என்பதே பாடம். எழுத்தில் குறையே இல்லை.

மைதானத்தில் நடப்பது வேறு. 2014இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் டிரஸ்ஸாஜ் போட்டிகளில் குதிரைகளின் தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். போட்டிக்கு முன் உடலைச் சூடாக்கும் திடலில் அவர்கள் பார்த்த 355 குதிரைகளில் 69 விழுக்காட்டின் மூக்கு செங்குத்துக் கோட்டுக்குப் பின்னால், அதாவது மார்பை நோக்கி மடங்கியிருந்தது. அப்படி மடக்கப்பட்ட குதிரைகள் வாலைச் சுழற்றுவது, வாயைத் திறப்பது போன்ற எதிர்ப்புச் செயல்களை அதிகமாகச் செய்தன. ஆய்வில் என்னை மிகவும் உலுக்கிய முடிவு அடுத்தது. மூக்கு பின்வாங்கினால் கீழ்நிலைப் போட்டிகளில் மதிப்பெண் குறைந்தது. மேல்நிலைப் போட்டிகளில் குறையவில்லை. அதாவது, தொடக்கநிலைச் சிறுவனுக்கு விதி விதியாகவே இருக்கிறது. மேலே ஏற ஏற அது கரைந்துபோகிறது. மேல்நிலையைப் பார்த்துத்தான் கீழே உள்ளவர்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைக் குதிரையேற்றம் அறிந்த யாரும் மறுக்க மாட்டார்கள்.

தலையைப் பலவந்தமாக மார்போடு மடக்கிச் சவாரி செய்யும் முறைக்கு ரோல்குர் என்று பெயர். 1990களின் தொடக்கத்திலேயே ஜெர்மானியக் குதிரையேற்ற இதழ்களில் இதைப் பற்றிய சண்டை தொடங்கிவிட்டது. 2009 அக்டோபரில் டென்மார்க்கின் ஓடென்சேயில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியின்போது, ஸ்கேன்டிக் என்ற குதிரை கழுத்து மடங்கிய நிலையில் நாக்கு நீலம் பாரித்துத் தொங்க ஓட்டப்படும் காணொளி வெளியாகி உலகெங்கும் பரவியது. எதிர்ப்பு வலுத்ததும் 2010 பிப்ரவரியில் எஃப்.இ.ஐ. லோசானில் ஒரு வட்டமேசைக் கூட்டம் நடத்தியது. பலவந்தமாக மடக்குவது ஏற்கத்தக்கதல்ல என்று அறிவித்த அதே கூட்டம், பலவந்தம் இல்லாமல் தாழவும் ஆழவும் உருட்டி ஓட்டுவது வேறு, அது அனுமதிக்கப்படும் என்றும் அறிவித்தது. எங்கே பலவந்தம் தொடங்குகிறது என்று தீர்மானிக்கும் பொறுப்பு திடலோரத்தில் நிற்கும் கண்காணிப்பு அலுவலரான ஸ்டீவர்டின் தலையில் விழுந்தது. கண்முன்னே உலக சாம்பியன் குதிரையை மடக்கும்போது, ஒரு ஸ்டீவர்டு குறுக்கே போய் நிறுத்துவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

இதே எஃப்.இ.ஐ.யின் தலைமையகம் இருக்கும் சுவிட்சர்லாந்து, 2014 முதல் ரோல்குரைத் தன் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடியாகத் தடை செய்திருக்கிறது. அரசு வரையறுக்க முடிந்த ஒன்றை விளையாட்டு அமைப்பால் வரையறுக்க முடியவில்லை என்பதை நான் நம்பத் தயாரில்லை.

மடக்கிய நிலையில் குதிரைக்கு என்ன ஆகிறது? மனிதரைப் போல அது வாயால் மூச்சுவிட முடியாது. மூக்கு ஒன்றே வழி. தொண்டை மடங்கும்போது அந்த வழி இறுகுகிறது. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறத்தாழ முழு வட்டத்தையும் பார்க்கக்கூடிய விலங்கு அது. முகத்தை மார்போடு சேர்த்தால் எதிரே வருவது தெரியாமல் தன் முன்கால்களையும் மண்ணையும் மட்டும் பார்த்தபடி ஓட வேண்டியிருக்கிறது. ஆபத்தை முதலில் பார்த்து முதலில் ஓடியதால் பிழைத்து வந்த உயிரிடமிருந்து பார்வையைப் பறிப்பது எத்தகைய அச்சத்தைத் தரும் என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. ஆனாலும் குதிரையிடமே கேட்டுப் பார்த்தார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 15 குதிரைகளுக்கு இரண்டு கிளை கொண்ட பாதையைப் பழக்கினார்கள். ஒரு கிளையில் போனால் ரோல்குர் நிலையில் சவாரி; மற்றதில் போனால் இயல்பான கழுத்துநிலையில் சவாரி. பின்பு அவற்றையே தேர்ந்தெடுக்க விட்டபோது, 15இல் 14 குதிரைகள் இயல்பான சவாரிக்குச் செல்லும் கிளையையே மிகுதியாகத் தேர்ந்தெடுத்தன.

இனி வாய்க்கு வருகிறேன். லாயத்தில் கடிவாளம் மாட்டும்போது குதிரையின் உதட்டோரத்தில் கட்டைவிரலை நுழைத்தால், முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி தட்டுப்படும். அங்கே ஈறு மெல்லிய படலமாக எலும்பின் மேல் போர்த்தியிருக்கும். எலும்பின் விளிம்பு விரலுக்குத் தெரியும். கடிவாளத்தின் இரும்பு அமர்வது அங்கேதான், அதன் கீழே நாக்கு. பாரிஸ் ஒலிம்பிக்கின் கிராண்ட் பிரியில் இரட்டைக் கடிவாளம் கட்டாயமாக இருந்தது: ஒரே வாயில் இரண்டு இரும்புகள், இரண்டாவதற்கு நெம்புகோலும் தாடைக்குக் கீழே சங்கிலியும். கை மென்மையானவர் பிடித்தால் இவை ஒரு மெல்லிய செய்தியைக் கொண்டுபோகும். கை கடினமானவர் இழுத்தால் நாக்கு நசுங்கும். வலி தாங்காத குதிரை வாயைத் திறக்கும், நாக்கைப் பக்கவாட்டில் தள்ளும். அது ஒன்றுதான் அதன் கையில் இருக்கும் மறுப்பு.

வாய் திறந்தால் மதிப்பெண் குறையும். எனவே மூக்குவாரை இறுக்குகிறார்கள். மூக்கின் மேலும் தாடையின் கீழும் சுற்றிவரும் இந்தத் தோல்வாரில், ஒரு வளையத்தின் வழியே வாரை மடித்து இழுக்கும் வகை ஒன்று உண்டு. கொஞ்சம் இழுத்தாலே இரட்டிப்பு இறுக்கம் கிடைக்கும். வாருக்கும் மூக்கெலும்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய பயிற்சி நூல்கள் எல்லாவற்றிலும் உள்ள அறிவுரை. இதைச் சோதிக்கும் இடத்தில்தான் பலரும் நழுவுகிறார்கள். மூக்கெலும்பின் மேல் விரலை விடாமல், கன்னத்தின் பக்கத்தில், சதை உள்ளே அமுங்கும் இடத்தில் விட்டுப் பார்த்து, தாராளமாக நுழைகிறதே என்பார்கள். எலும்பின் மேல் வாரும் தோலும் ஒட்டிக்கொண்டிருக்கும்; ஒரு தாள்கூட நுழையாது. அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் போட்டிகளில் 750 குதிரைகளை அளந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வு, 44 விழுக்காட்டுக் குதிரைகளின் மூக்குவாருக்கு அடியில் அளவுகருவியின் நுனிகூட நுழையவில்லை என்றது. இரண்டு விரல் அளவுக்குத் தளர்வாக இருந்தவை 7 விழுக்காடு மட்டும்.

டென்மார்க்கில் 3,143 போட்டிக் குதிரைகளின் வாயோரங்களைப் பரிசோதித்த இன்னோர் ஆய்வில், ஏறத்தாழ 9 விழுக்காட்டில் புண்ணோ ரத்தமோ தென்பட்டது. பதினொரு குதிரைக்கு ஒன்று என்று கொள்ளலாம். தகுந்த விளக்கொளியில், வாயோரத்தை விலக்கிப் பார்த்தால்தான் இது தெரியும். மாடத்தில் அமர்ந்து இசைக்கேற்ற நடையை ரசிப்பவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. வாயைக் கட்டிவிட்டு, அமைதியான வாய் என்று அதற்கு மதிப்பெண் கொடுக்கும் முறையை நான் ஏமாற்று என்றே சொல்வேன். நடுவர் ஏமாற்றப்படுகிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. வார் அவர் கண்முன்னேதான் இருக்கிறது.

2025 மே முதல் எஃப்.இ.ஐ. போட்டிகளில் மூக்குவாரை அளப்பதற்கு ஒரே வகையான கருவி நடைமுறைக்கு வந்திருக்கிறது. மூக்கெலும்பின் மேல் வைத்து அளக்க வேண்டும், 1.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இவ்வளவு எளிய பொருளைக் கொண்டுவர ஏன் இத்தனை ஆண்டுகள் என்று கேட்கலாம். வந்ததே என்று நான் மகிழ்கிறேன். அளக்க முடிந்த ஒன்றை மறுக்க முடியாது. கருத்துச் சண்டை அங்கே முடிந்துவிடுகிறது. இந்த விளையாட்டில் குதிரைக்காக நடந்த நல்ல காரியங்களில் பெரும்பாலானவை இப்படி அளவுக்குள் வந்தவையே.

எதிர்வாதம் ஒன்றை நான் அடிக்கடி கேட்கிறேன். ஐந்நூறு, அறுநூறு கிலோ எடையுள்ள விலங்கு, விருப்பமில்லாவிட்டால் செய்யுமா? மனிதரைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகாதா? இதற்கு விடை, குதிரை எப்படிக் கற்கிறது என்பதில் இருக்கிறது. சவாரிப் பயிற்சியின் அடிப்படை அழுத்தமும் விடுவிப்பும். காலால் விலாவை மெல்ல அழுத்துகிறோம். குதிரை முன்னே அடி வைக்கிறது. அந்தக் கணமே காலை விலக்குகிறோம். குதிரைக்குப் பாடம் சொல்வது அழுத்தம் அல்ல, விலகல். எங்கள் சங்கத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் முதிய பயிற்சியாளர் அம்மா, மைதானத்தின் நடுவே நின்றபடி நாள் முழுக்க ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்: விடு, விடு, விடு. குதிரை சரியாகச் செய்ததா என்று அவர் பார்ப்பதைவிட, செய்த நொடியில் பிள்ளையின் கை தளர்ந்ததா என்றே பார்ப்பார். தளராவிட்டால் குதிரையை நிறுத்திவிடுவார். பத்து வயதுச் சிறுமியின் விரல்கள் திறக்கும் அந்த நொடியில் குதிரையின் காது தளர்ந்து பக்கவாட்டில் சாயும், கழுத்து நீளும், மூக்கு வழியே நீண்ட செருமல் ஒன்று வரும். அதைக் கேட்டால்தான் அவர் தலையசைப்பார்.

அழுத்தம் விலகாமலே இருந்தால்? வாயில் இரும்பு இழுத்துக்கொண்டே இருக்க, விலாவில் குதிமுள் குத்திக்கொண்டே இருந்தால், முன்னே போ என்பதும் நில் என்பதும் ஒரே நேரத்தில் சொல்லப்படுகின்றன. எதைச் செய்தாலும் விடுதலை இல்லை என்று குதிரை கண்டுகொள்கிறது. சில குதிரைகள் போராடும், எம்பும், தள்ளிவிடும்; அவற்றைச் சண்டிக்குதிரை என்று விற்றுவிடுவார்கள். மற்றவை முயற்சியை விட்டுவிடும். கற்றுக்கொண்ட கையறுநிலை என்று விலங்கு உளவியல் இதை விவரிக்கிறது. கண்கள் எங்கோ நிலைகுத்தி, காதுகள் அசையாமல், சொன்னதையெல்லாம் செய்யும் அந்தக் குதிரையைப் பார்த்துத்தான் எவ்வளவு பணிவு என்று வியக்கிறார்கள். வேட்டையாடப்படும் இனத்தில் பிறந்த உயிர் வலியைக் காட்டிக்கொள்ளாது. காட்டினால் ஓநாய் முதலில் அதைத்தான் தேர்ந்தெடுக்கும். எனவே, செய்கிறது, ஆகவே சம்மதிக்கிறது என்ற வாதம் குதிரையிடம் செல்லாது.

மௌனமாக இருந்தாலும் உடல் பேசத்தான் செய்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவினரும், சவாரியின்போது குதிரையிடம் காணப்படும் 24 செய்கைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். காதுகள் சில விநாடிகளுக்கு மேல் பின்னால் மடிந்திருப்பது, கண்ணின் வெண்மை தெரிவது, வாய் மீண்டும் மீண்டும் திறப்பது, நாக்கு வெளியே நீள்வது, வால் ஓயாமல் சுழல்வது, பின்குளம்பு மண்ணில் இழுபடுவது என்று நீளும் அந்தப் பட்டியலில், எட்டு அல்லது அதற்கு மேற்பட்டவை தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். இதைக் கற்றபின் ஆகன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய போட்டிக்குப் போயிருந்தபோது, முன்தயாரிப்புத் திடலின் வேலியோரம் நின்றேன். அங்கிருந்து நகர மனம் வரவில்லை. கழுத்தை நீட்டிக் காற்றை முகர்ந்தபடி, ஆடிய காதுகளோடு நடந்த குதிரைகளும் அங்கே இருந்தன. அவற்றின் மேல் இருந்தவர்களும் உலகத் தரமானவர்கள்தான். வாயில் நுரை கெட்டியாகி, வால் வண்டிச்சக்கரம்போல் சுழன்றுகொண்டிருந்த குதிரைகளும் இருந்தன. இரண்டு வகையும் ஒரே வாயில் வழியாகப் போட்டி மைதானத்துக்குள் போயின. வெளிவந்த மதிப்பெண்களில் அந்த வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

தடைதாண்டும் போட்டியில் வேறு வகைக் கதை. அங்கே நடுவரின் ரசனைக்கு இடமில்லை. கம்பு விழுந்தால் தண்டனைப் புள்ளி, அவ்வளவே. அதனால் ஏமாற்று வேலையும் நேராகக் காலில் நடக்கிறது. குதிரை தாண்டும் நொடியில் கம்பை உயர்த்திக் காலில் இடித்து, அடுத்த முறை வலிக்கு அஞ்சி உயரத் தூக்கச் செய்யும் பழக்கம் ஒன்று இருந்தது. 1990இல் ஜெர்மனியில் பால் ஷொக்கெமோலேயின் லாயத்தில் எடுக்கப்பட்ட காட்சிகள் வெளியாகி அது பெரும் அவமானமாக வெடித்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது, நான்கு குதிரைகளின் சோதனை மாதிரிகளில் கேப்சைசின் தென்பட்டது. நம் அம்மிக்கல்லில் அரைபடும் மிளகாயின் காரம் எதுவோ அதுதான். வலிநீக்கித் தைலங்களிலும் அது உண்டு. ஆனால் காலில் தடவினால் தோல் எரிந்து, கம்பு லேசாகப் பட்டாலே குதிரை துடிக்கும். முதுகு வலிக்குத் தடவியதாகவும் சிலர் விளக்கம் சொன்னார்கள். எப்படியோ, நார்வே அணி தன் வெண்கலத்தை இழந்தது. இன்று குதிரைகளின் கால் வெப்பத்தை அகச்சிவப்புக் கருவியால் சோதிக்கிறார்கள். இங்கேயும் மாற்றத்தைக் கொண்டுவந்தது உபதேசம் அல்ல, அளவுகருவிதான்.

டோக்கியோவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2021 ஆகஸ்ட் 6 அன்று, குதிரையில் தடைதாண்டுவதும் ஒரு பகுதியாக இருந்த நவீன ஐந்திறப் போட்டியில் முன்னணியில் இருந்த ஜெர்மனியின் அன்னிகா ஷ்லாய்க்குச் சீட்டுக்குலுக்கலில் செயின்ட் பாய் என்ற குதிரை கிடைத்தது. முன்பின் அறியாத குதிரையோடு பழக வீரர்களுக்கு 20 நிமிடம்தான். அதற்கு முன்பே அந்தக் குதிரை இன்னொரு வீராங்கனையோடு அதே மைதானத்தில் தாண்ட மறுத்திருந்தது. அஞ்சி நடுங்கிய குதிரையின் மேல் ஷ்லாய் அழுதுகொண்டே சவுக்கை எடுத்தார், வேலியோரம் நின்ற பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தினார், உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் வெளியேற்றப்பட்டார். மூன்றே மாதத்தில் ஐந்திறப் போட்டியின் உலக அமைப்பு, பாரிஸுக்குப் பிறகு குதிரையே வேண்டாம் என்று முடிவெடுத்து, பின்னர் அதன் இடத்தில் தடைகளை மனிதரே கடக்கும் ஓட்டத்தை வைத்தது. குதிரைகளுக்கு அது நல்லதே. ஆனால் சீட்டுக்குலுக்கல், 20 நிமிடம் என்ற விதிகளை இத்தனை ஆண்டுகள் எழுதி வைத்திருந்தவர்கள் யாரும் அந்த மைதானத்தில் அழவில்லை என்பதை நான் மறக்க விரும்பவில்லை. விதி பயத்தை உண்டாக்கியது. பழி பயந்தவர்கள் மேல் விழுந்தது.

சில நண்பர்கள் என்னிடம், இவ்வளவும் தெரிந்தபின் இந்த விளையாட்டையே ஒழித்துவிடச் சொல்லலாமே என்கிறார்கள். எனக்கு அந்த முடிவு இல்லை. நிதானமான கையோடு, நாளின் பெரும்பகுதியை மற்றக் குதிரைகளோடு மேய்ச்சலில் கழித்து, வயிற்றுக்கு வைக்கோல் இடைவிடாது கிடைத்து வாழும் போட்டிக் குதிரைகளை நான் அறிவேன். அந்த ஏற்பாடும் சிறிய விஷயமல்ல. குதிரையின் இரைப்பை உண்ணாத நேரத்திலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் விலையுயர்ந்த குதிரையை அடிபடாமல் காப்பதாக நினைத்துத் தனியறையில் பூட்டி, வேளைக்கு மட்டும் தானியம் வைத்தால் வயிற்றில் புண் வரும். கோடி ரூபாய் பெறும் குதிரையை யாராவது துன்புறுத்துவார்களா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: அந்த விலைதான் பல குதிரைகளைப் புல்லிலிருந்தும் துணையிலிருந்தும் பிரிக்கிறது.

நான் கேட்பது இவைதான். போட்டி மைதானத்தின் மதிப்பெண் தாளில் மூக்குக் கோடு பின்வாங்கிய ஒவ்வொரு அசைவுக்கும் மதிப்பெண்ணுக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும். கால் எவ்வளவு உயர எழுந்தாலும் அதைத் தாண்டக் கூடாது. முன்தயாரிப்புத் திடலில் நடப்பதும் மதிப்பெண்ணில் சேர வேண்டும். அங்கே ஸ்டீவர்டு மட்டும் போதாது, ஒரு நடுவரே அமர வேண்டும். இரட்டைக் கடிவாளம் எல்லா நிலையிலும் விருப்பத்துக்கு விடப்பட வேண்டும். தளர்ந்த மூக்குவாருக்குள் குதிரை வாயைத் திறந்தால், அதைக் குதிரையின் கீழ்ப்படியாமை என்று எழுதாமல் சவாரியாளரின் கையைப் பற்றிய செய்தியாக நடுவர்கள் எழுத வேண்டும். இதற்குப் புதிய அறிவியல் எதுவும் வேண்டாம். தம் விதிப்புத்தகத்தைத் தாமே மதித்தால் போதும்.

எஃப்.இ.ஐ. போகும் திசை ஒன்றாக இல்லை என்பதே என் கவலை. 2022இல் அது அமைத்த குதிரை நெறி மற்றும் நலக் குழு, விளையாட்டில் குதிரைகள் நடத்தப்படும் விதம் பற்றிப் பொதுமக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கவலைப்படுவதாகக் கண்டறிந்து, நல்ல பல பரிந்துரைகளைத் தந்தது. மூக்குவார் கருவியும் வந்தது. ஆனால் 2025 நவம்பரில் ஹாங்காங்கில் கூடிய பொதுச்சபை, தடைதாண்டும் போட்டியில் குதிரையின் மேல் ரத்தம் தெரிந்தால் என்ன செய்வது என்ற விதியைத் தளர்த்தி, நீக்கத்துக்குப் பதிலாகப் பல சூழல்களில் பதிவு செய்யப்பட்ட எச்சரிக்கையோடு விடும் முறைக்கு ஒப்புதல் அளித்தது. 2026 ஜனவரி முதல் அது நடைமுறை. கண்ணுக்குத் தெரியும் ரத்தத்துக்கே இந்த நிலை என்றால், மூக்குவாருக்குள் மறைந்திருக்கும் புண்ணுக்கு யார் பேசுவார்கள்?

அந்தச் சபையில் ஒவ்வொரு நாட்டுக் கூட்டமைப்புக்கும் ஒரே ஒரு வாக்குத்தான். குதிரைகள் நிறைந்த ஜெர்மனிக்கும் ஒன்று, இந்தியாவுக்கும் ஒன்று. 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் அணி டிரஸ்ஸாஜில் தங்கம் வென்ற நாடு இந்தியா. பாரிஸ் ஒலிம்பிக்கின் டிரஸ்ஸாஜ் மைதானத்தில் அனுஷ் அகர்வாலாவையும் இறக்கியது. அந்த வெற்றிகளைக் கொண்டாடிய ஒவ்வொருவருக்கும் தம் கூட்டமைப்பிடம் ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு: ரத்தவிதி வாக்கெடுப்பில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்? நான் வசிக்கும் நாட்டின் கூட்டமைப்புக்கு இதே கேள்வியைக் கடிதமாக எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே வெளியிடுவேன்.